43 கவர்களும் ஒரு பெட்டியும்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பெரும்பாலான வீட்டு அலுமாரிகளில் ஒரு சொப்பிங் பேக் இருக்கும். பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, அடகுச் சீட்டு, மோட்டார் சைக்கிள் காப்புறுதி, கரண்ட் பில், பிள்ளையின் பாடசாலைக் கடிதம் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். கொஞ்சம் ஒழுங்கான வீடென்றால் பைக்குப் பதிலாக நாலைந்து பைல் இருக்கும். காணி, வங்கி, வாகனம், வைத்தியம் என்று மேலே பெயரும் எழுதியிருப்பார்கள். தேடினால் கிடைக்கும். ஆனால் அடகு மீட்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று அந்தப் பைல் எழுந்து வந்து சொல்லாது. பைலைத் திறக்கிற அன்றுதான் திகதி கண்ணில் படும். பல நேரம் அதற்குள் திகதி தாண்டியிருக்கும்.

இதற்குக் கந்தோர்களில் இருந்து வந்த பழைய முறை ஒன்று உண்டு. ஒரு காகிதம் எதைப் பற்றியது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அடுத்து எந்த நாளில் அது கைக்கு வரவேண்டும் என்று பார்த்து வைப்பது. 31 நாட்களுக்கு 31 பைல் கவர், 12 மாதங்களுக்கு 12 கவர், மொத்தம் 43. காலையில் அன்றைய கவரைத் திறந்தால் அன்றைக்கு வேண்டிய காகிதம் கையில் இருக்கும். முறை இவ்வளவுதான். ஆனால் இதைத் தொடங்கிய பலர் இரண்டு மாதத்துக்குள் கைவிடுகிறார்கள். காரணம், கவரை வாங்கி அடுக்குவது சுலபம், எந்தத் திகதியில் எதைப் போடுவது என்பதுதான் கஷ்டம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்க வேண்டியவை

புத்தகக் கடையில் விற்கும் சாதாரண மட்டைப் பைல் கவர் போதும். உள்ளே கம்பியோ கிளிப்போ இல்லாத, இரண்டாக மடிகிற வகை. புல்ஸ்கேப் அளவில் வாங்குங்கள். ஏ4 காகிதம் அதற்குள் விளிம்பு மடங்காமல் இருக்கும், நீளமான பழைய சான்றிதழ்களின் பிரதிகளும் அடங்கும். நாட்களுக்கு ஒரு நிறம், மாதங்களுக்கு வேறு நிறம். 45 வாங்கினால் கிழிவதற்கு இரண்டு கையிருப்பு. பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நம்முடைய வெக்கையில் மலிவான பிளாஸ்டிக் இளகி, போட்டோகொப்பியின் கறுப்பு மை அதில் ஒட்டிக்கொள்ளும். காகிதத்தை இழுத்தால் எழுத்து கவரோடு போய்விடும்.

எண்ணை அழியாத மார்க்கரால், கவரை நீளப்பக்கமாக நிறுத்தினால் மேலே தெரியும் விளிம்பில், பெரிதாக எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூலையில் எழுதாமல் இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எழுதினால் ஐந்தாறு எண் ஒரே பார்வையில் தெரியும்.

பெட்டிக்கு முதல் மாதம் பலசரக்குக் கடையில் கிடைக்கும் பிஸ்கட் கார்ட்டன் போதும். பழக்கம் பிடித்துக்கொண்டால் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுங்கள். சீமெந்துத் தரையில் வைத்த கார்ட்டன் மாரியில் அடியிலிருந்து ஈரம் உறிஞ்சும், அந்த ஈரத்துக்குக் கறையான் வரும். பெட்டி வாங்கப் போகும்போது ஒரு கவரைக் கையோடு கொண்டுபோய் உள்ளே நிறுத்திப் பாருங்கள். கவர் நிமிர்ந்து நிற்கவேண்டும், சரிந்தால் எண் தெரியாது. முன்னிருந்து பின்னாக 20 முதல் 25 சென்ரிமீற்றர் இடம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

இவற்றோடு ஒரு கட்டு ஏ4 காகிதத்தை நாலாக வெட்டித் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலையை எழுதிக் கவருக்குள் போட அவை வேண்டும். பிளாஸ்டிக் பூசிய கிளிப் ஒரு பெட்டியும் ஒரு பென்சிலும் வேண்டும். பேனையை விடப் பென்சில் நல்லது. ஸ்டேப்ளர் பின்னும் குண்டூசியும் வேண்டாம். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் அவை விரைவில் துருப்பிடித்துச் சான்றிதழில் மஞ்சள் கறையை விட்டுவிடும்.

அடுக்கும் விதம்

இன்று ஏப்ரல் 10 என்று வைப்போம். பெட்டியின் முன்னால் 10, அதன் பின் 11, 12 என்று 31 வரை. அதற்குப் பின்னால் மே மாதக் கவர். மேக்குப் பின்னால் 1 முதல் 9 வரை. அதன் பின் ஜூன், ஜூலை என்று போய்க் கடைசியில் ஏப்ரல். ஆக, முன்னால் நிற்கும் 10 இன்றைய நாள், மேக்குப் பின்னால் நிற்கும் 5 மே மாதம் 5ஆம் திகதி.

காலையில் 10ஐ எடுத்துக் கவிழ்த்து வெறுமையாக்குங்கள். வெறும் கவரை மேக்குப் பின்னால், 9க்கு அடுத்து வையுங்கள். அந்த நொடியிலிருந்து அது மே 10. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு கவர் முன்னாலிருந்து பின்னுக்கு நடக்கும். ஏப்ரலில் 30 நாள்தான் என்பதால் 30ஐ நகர்த்தும்போது வெறுமையாக இருக்கும் 31ஐயும் சேர்த்து நகர்த்துங்கள். பெப்ரவரியில் 29, 30, 31 மூன்றும் இப்படிச் சேர்ந்து போகும்.

மாதக் கடைசி நாள் மாலை மே கவர் முன்னால் வந்து நிற்கும். அதைத் திறந்து, உள்ளே உள்ளவற்றை 1 முதல் 31 வரை பிரித்துப் போட்டுவிட்டு, வெறும் மே கவரைப் பெட்டியின் கடைசிக்கு அனுப்புங்கள். அது இனி அடுத்த வருட மே.

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஏப்ரல் 10இல் கையில் மே 20க்குரிய கடிதம் வந்தால் 20ஆம் எண் கவரில் போட்டுவிடுவார்கள். அந்த 20 இன்னும் ஏப்ரல் 20தான், கடிதம் ஒரு மாதம் முந்தி வெளியே வந்துவிடும். விதி இதுதான்: இன்றிலிருந்து அடுத்த மாதம் இதே திகதிக்கு முந்தின நாள் வரை உள்ளவை நாள் கவருக்கு, அதற்கப்பால் உள்ளவை மாதக் கவருக்கு. மே 20 கடிதம் மே கவருக்குள் போகும், மாதக் கடைசியில் பிரிக்கும்போது 20க்குள் வரும்.

சனி, ஞாயிறு, போயா நாட்களிலும் கவரைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்களில் கந்தோர் வேலை எதையும் போடக்கூடாது. வருடத் தொடக்கத்தில் கலண்டரைப் பக்கத்தில் வைத்து, அந்த மாதப் போயா, அரச விடுமுறைத் திகதிகளை ஒவ்வொரு மாதக் கவரின் வெளிப்பக்கத்திலும் பென்சிலால் குறித்துவிடுங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய கிழமையில் கந்தோர்களில் கையெழுத்துப் போட வேண்டிய ஒருவராவது லீவில் இருப்பார். வெசாக்குக்கு இரண்டு நாள் விடுமுறை. அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தம் நடக்கும் ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு நகருக்குள் அலுவல் பார்க்கப் போவது வீண் அலைச்சல். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் அலுவல் இருந்தால் நோன்பு மாதத்தில் அதைக் காலை நேரத்துக்கு வையுங்கள்.

எந்தத் திகதியில் போடுவது

கடைசித் திகதியில் போடக்கூடாது. கடைசித் திகதி துண்டில் எழுதியிருக்க வேண்டும், துண்டு இருக்க வேண்டிய கவர் வேலை தொடங்குகிற நாளினுடையது. கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அந்த நாளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரெவனியூ லைசன்ஸ் என்று எல்லோரும் சொல்லும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை எடுங்கள். ஓகஸ்ட் 18இல் முடிகிறது. அதைப் புதுப்பிக்கச் செல்லுபடியான காப்புறுதி வேண்டும், புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பரிசோதனையில் வாகனம் தவறினால் கராஜில் விட்டுத் திருத்தி மறுபடி காட்ட நாள் வேண்டும். காப்புறுதியும் அதே கிழமையில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எனவே முதல் துண்டு ஜூலை 25க்குப் போகும்: காப்புறுதித் திகதியைப் பார், தேவையென்றால் புதுப்பி. அந்த வேலை முடிந்ததும் அதே துண்டை, காப்புறுதிப் பிரதியைக் கிளிப் பண்ணி, ஓகஸ்ட் 1க்கு நகர்த்துங்கள்: புகைப் பரிசோதனை. அது முடிந்ததும் சான்றிதழையும் சேர்த்து ஓகஸ்ட் 8க்கு: பிரதேச செயலகம். 8ஆம் திகதி காலை கவரைத் திறக்கும்போது வேண்டிய எல்லாக் காகிதமும் ஒரே கிளிப்பில் இருக்கும். மூன்று வேலைக்கு மூன்று துண்டு எழுதினால் காகிதங்கள் மூன்று இடத்தில் பிரிந்துவிடும். ஒரே துண்டு நடப்பதுதான் நல்லது.

அடகுச் சீட்டுக்கு 45 நாள் முந்திய திகதி. மீட்கப் பணம் புரட்ட வேண்டும், இல்லையென்றால் வட்டி கட்டிப் புதுப்பிக்கலாமா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பத்து நாள் போதாது. வங்கி அனுப்பும் அறிவித்தல் சீட்டில் உள்ள பழைய விலாசத்துக்குப் போகும். வீடு மாறியவர்கள் அதை நம்பியிருக்கக்கூடாது. ஏலத்துக்குப் போன நகையைத் திரும்பப் பெற வழியில்லை. இந்த ஒன்றுக்காக மட்டும் பெட்டி வைத்தாலும் அது வீணாகாது.

நிலையான வைப்பு முதிரும் நாளுக்கு 10 நாள் முந்தி. பெரும்பாலான கணக்குகள் சொல்லாவிட்டால் தானாக அடுத்த தவணைக்குப் புதுப்பிக்கப்படும். இரண்டு நாள் பிந்திப் போய் எடுத்தாலும் இடையில் முறித்த வைப்பாகக் கணக்கிட்டு வட்டியைக் குறைப்பார்கள். வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம். வருட வருமானம் வரி விலக்கு எல்லைக்குள் இருப்பவர்கள் அதைப் பிடிக்காமல் இருக்க வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுக்கலாம். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குவதால் அந்தத் துண்டு மார்ச் கவரின் கடைசிக் கிழமைக்குரியது.

காசோலை எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வங்கியில் போடப்பட வேண்டும். வரப்போகும் நாளின் திகதியிட்டு வாங்கிய செக்கைப் பூட்டில் வைத்துவிட்டு அதன் துண்டை அந்த நாளில் போடுங்கள். அந்த நாள் சனியோ போயாவோ என்றால் அடுத்த வேலை நாளில். நீங்கள் கொடுத்த செக்கென்றால் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்க மூன்று வேலை நாள் முந்தி. இரண்டையும் குழப்பாமல் இருக்கத் துண்டின் மூலையில் "வரவு", "கொடுப்பு" என்று எழுதுவது நல்ல பழக்கம்.

வீட்டுக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் சோலைவரியில் ஒரு கணக்கு இருக்கிறது. முழு வருடத்துக்குரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு. காலாண்டாகக் கட்டுபவர்களுக்கு, அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். வருட வரி 4,800 ரூபா என்றால் ஒரேயடியாகக் கட்டுவதில் 480 ரூபா மிச்சம். நாலு தடவையாக 1,200 வீதம் நேரத்துக்குக் கட்டினால் தடவைக்கு 60 ரூபாவாக 240 ரூபா மிச்சம். வயல் வருமானத்தில் ஓடும் வீடுகளுக்கு ஜனவரி நெருக்கடியான மாதம். பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற பணம் பெப்ரவரி, மார்ச்சில்தான் கைக்கு வரும். அப்படியானவர்கள் டிசம்பர் 1க்கு ஒரு துண்டு போடட்டும்: சோலைவரிக்கு ஒதுக்கு, முழுதா காலாண்டா என்று தீர்மானி. காலாண்டு என்று முடிவானால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் நாலு மாதங்களிலும் 15ஆம் திகதியைக் குறியுங்கள்.

கடை நடத்துகிறவர்களுக்கும் வேலையாள் வைத்திருப்பவர்களுக்கும் மாதாமாதம் திரும்பி வரும் துண்டு ஒன்று வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 சதவீதமும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். 20ஆம் திகதிக்குப் போடுங்கள். வருமான வரிக்குச் சுயமாகக் கட்டுபவர்களின் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதியைக் கட்ட செப்டெம்பர் 30, வருமான விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. விபரத்திரட்டுத் துண்டை ஒக்டோபர் முதல் கிழமையிலேயே போடுங்கள். வங்கியிலிருந்து எடுக்க வேண்டிய வட்டிச் சான்றிதழ்கள் வந்துசேரக் காலம் எடுக்கும்.

கிளினிக் வேறு மாதிரி. கிளினிக் நாளில் துண்டு வந்தால் பிந்திவிட்டது. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியவர்களுக்கு முந்தின நாள் கவரில் துண்டு இருக்க வேண்டும்: இரவு 9 மணிக்குப் பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கிளினிக் அன்றே பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டுமென்றால் பரிசோதனைக்கு ஒரு துண்டு, மூன்று நாள் முந்தி. கிளினிக் கொப்பி, பழைய அறிக்கை, மருந்து போட்டுக்கொள்ளும் பை எல்லாம் கிளினிக் நாள் கவரோடு சேர்ந்து நிற்கட்டும். கிளினிக் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கொப்பியில் எழுதிய அடுத்த திகதியைப் பார்த்து உடனே புதுத் துண்டு போடாமல் செருப்பைக் கழற்றக்கூடாது. திரும்பி வரும் வேலைகளில் சங்கிலி அறுவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

பிள்ளை பிறந்த வீட்டில் தடுப்பூசித் துண்டுகளை முதல் நாளே எழுதிவிடலாம்: 2, 4, 6, 9, 12, 18 மாதங்கள், பிறகு 3 வயது, 5 வயது. பிறப்புப் பதிவு மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும், தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு நடைமுறைக்குள் போகும். முதலாம் வகுப்புச் சேர்ப்புக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் அதற்கு முந்தின வருடத்தில் கேட்கப்படும். எனவே வதிவிட ஆதாரங்களைச் சேர்க்கச் சொல்லும் துண்டு அதற்கும் ஒரு வருடம் முந்திய ஜனவரிக்குரியது. பிள்ளைக்கு 15 வயது நிறைந்ததும் அடையாள அட்டை விண்ணப்பம். சாதாரணதரப் பரீட்சைக்கு அது வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும் காகிதங்கள்

இந்தப் பெட்டியின் பெரிய பயன் இதில்தான் என்று நினைக்கிறோம். ஒரு கந்தோரில் விண்ணப்பம் கொடுத்தால் வேலை முடிந்தது என்று மனம் அதை விட்டுவிடும். அங்கே அது எந்த மேசையில் நிற்கிறது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். விண்ணப்பத்தின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, யாரிடம் கொடுத்தோம் என்ற குறிப்பு மூன்றையும் கிளிப் பண்ணி, விசாரிக்க வேண்டிய நாளில் போடுங்கள். சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்தி.

தகவலறியும் உரிமை விண்ணப்பம் நல்ல உதாரணம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். 1ஆம் திகதி திங்கட்கிழமை கொடுத்தால், இடையில் விடுமுறை இல்லாவிட்டால், 14ஆவது வேலை நாள் 19ஆம் திகதி வெள்ளி. இடையில் ஒரு போயா வந்தால் 22ஆம் திகதி திங்கள். துண்டு 23க்குப் போகும். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ மேன்முறையீட்டுக்கும் 14 நாள்தான். நாளை எண்ணாமல் இருந்தவர்களுக்கு அந்த வழி மூடிவிடும்.

உள்ளே போடக்கூடாதவை

காணி உறுதி, பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களின் அசல், கடவுச்சீட்டு, அடகுச் சீட்டு, செக், காசு. இந்தப் பெட்டி மேசை மேல் திறந்து கிடக்கும் ஒன்று, ஒவ்வொரு நாளும் கை படுவது. அசல்கள் பூட்டில் இருக்கட்டும், பெட்டியில் துண்டு மட்டும். துண்டில் நாலு வரி: என்ன செய்ய வேண்டும், எங்கே, எதைக் கொண்டுபோக வேண்டும், கடைசித் திகதி எது. கீழே "அசல்: அலுமாரி மேல்தட்டு, நீலப் பைல்" என்று இடம்.

முதல் வரி வினையில் முடிய வேண்டும். "வங்கி" என்று மட்டும் எழுதிய துண்டு ஆறு மாதம் கழித்து வெளியே வரும்போது எதற்கு எழுதினோம் என்று யோசிக்க வைக்கும். "வைப்பை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்" என்று எழுதினால் வீட்டில் வேறு யார் எடுத்தாலும் விளங்கும்.

ஏ.டி.எம். சீட்டு, எரிபொருள் பில், கடைகளில் சூட்டில் அச்சாகி வரும் மழமழப்பான பில் எல்லாம் சில மாதங்களில் மங்கி வெறுங்காகிதமாகிவிடும். உத்தரவாதத்துக்கு வைக்கும் பில்லென்றால் அன்றைக்கே கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி எடுத்துப் பிரதியை வையுங்கள். லமினேட் பண்ணிப் பாதுகாக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பில் முழுதும் கறுத்துவிடும்.

வரும் 12 மாதங்களைத் தாண்டியவற்றுக்கு 44ஆவதாக ஒரு கவர் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 வருடம், இலகு வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் 8 வருடம். வெளிநாடு போக நினைப்பவர்கள் கடவுச்சீட்டின் கடைசி ஆறு மாதத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது, பல நாடுகள் அந்தளவு காலம் மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கும். டிசம்பர் 31இல் இந்தக் கவரை ஒரு தடவை புரட்டி, வரும் வருடத்துக்குரியவற்றை மாதக் கவர்களுக்கு மாற்றினால் போதும்.

எங்கே முறிகிறது

மூன்று நாள் திறக்காமல் விட்டால் பலர் முழுப் பெட்டியையும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. விட்ட நாட்களின் கவர்களை வரிசையாகத் திறந்து, உள்ளவற்றை மேசையில் பரப்பி, கடைசித் திகதி கிட்டியவற்றை மட்டும் இன்றைக்கு எடுத்து மற்றவற்றை வரும் கிழமைக்குப் பிரித்துப் போடுங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் பெட்டி அலுமாரிக்குள் இருந்தால் மூன்று நாள் முப்பது நாளாகிவிடும். காலைத் தேத்தண்ணி குடிக்கும் இடத்தில் கண்ணுக்கு நேரே இருக்கட்டும்.

1ஆம் திகதியும் 15ஆம் திகதியும் வீங்கிக்கொண்டே போகும், வாய்க்கு வரும் திகதிகள் அவைதான். ஒரு கவருக்கு வெளி அலுவல் இரண்டுக்கு மேல் போடாதீர்கள். மூன்றாவது வந்தால் முந்தின நாளுக்குத் தள்ளுங்கள், பிந்தின நாளுக்கு வேண்டாம். ஒரே பாதையில் உள்ள அலுவல்களை ஒரே நாளில் சேர்ப்பதும் கெட்டித்தனம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து நகருக்கு வருபவர் வங்கி, பிரதேச செயலகம், கிளினிக் மருந்து மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்கத் திகதிகளைப் பொருத்தலாம்.

செய்யாமல் தள்ளும் ஒவ்வொரு தடவையும் துண்டின் பின்புறத்தில் அன்றைய திகதியை எழுதுங்கள். மூன்று திகதி சேர்ந்த துண்டை நாலாவது தடவை தள்ளக்கூடாது. செய்யத்தான் வேண்டுமா என்று அன்றைக்குத் தீர்மானித்து, வேறொருவரிடம் ஒப்படையுங்கள் அல்லது கிழித்துப் போடுங்கள்.

ஒரு வீட்டில் எல்லோரும் உள்ளே போடலாம், திறப்பவர் ஒருவராக இருக்க வேண்டும். இருவர் திறந்தால் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவரும் விட்டுவிடுவார்கள். அவர் பயணம் போகும் கிழமையில், போகும் முன் அந்த ஏழு கவரையும் பிரித்துப் பார்த்து இன்னொருவருக்குக் காட்டிவிட்டுப் போகட்டும்.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். போன் மணி சொல்லும், காகிதத்தைத் தராது. காலை 10 மணிச் சந்திப்புக்கு அலாரம் வையுங்கள், அதற்குக் கொண்டுபோக வேண்டியது கவரில் இருக்கட்டும். கொழும்பு இரவு ரயிலுக்கு முற்பதிவு செய்த டிக்கட்டைப் பயண நாள் கவரில் போட்டால் அன்றைக்குத் தேடவேண்டியதில்லை.

மாரிக்கு முன்

வயல்காரரின் வருடம் செப்டெம்பரில் தொடங்குகிறது. பெரும்போகப் பயிர்ச்செய்கைக் கூட்டம், கமநல சேவை நிலையத்தில் முடிக்க வேண்டிய பதிவுகள், விவசாய அமைப்புச் சந்தா, குத்தகைக் காணியென்றால் குத்தகை எழுத்து, மானியம் வரவு வைக்கப்படும் வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் ஓகஸ்ட் கடைசிக் கிழமைக் கவரில் ஒன்றாக வரவேண்டும். விதைத்த பிறகு வயலின் படத்தைத் திகதியோடு எடுத்து, ஒரு பிரதியை டிசம்பர் கவரில் வையுங்கள். வெள்ளச் சேதத்தை அறிவிக்கும்போது முன் நிலையைக் காட்ட அது உதவும்.

நவம்பர், டிசம்பரில் கடைசித் திகதி உள்ள எந்த வேலையையும் ஒக்டோபருக்கு இழுங்கள். புலிபாய்ந்தகல் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் கிரானுக்கு வர முடியாது. காற்று மழையில் மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஓடாது. கந்தோரும் வெள்ள வேலையில் இருக்கும்.

ஒக்டோபர் கடைசியில் எல்லாத் துண்டுகளையும் வரிசையாகப் பரப்பிப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பெட்டியைப் போன வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டுக்கு மேலே உயர்த்துங்கள். வீட்டை விட்டு வெளியேற வேண்டிவந்தால் முதலில் தூக்க வேண்டியது அசல்கள் உள்ள பைல், பிறகுதான் இந்தப் பெட்டி.

நனைந்துவிட்டால் ஒட்டிய காகிதங்களை ஈரத்தோடு பிரிக்காதீர்கள், கிழியும். கட்டாகவே நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை வடியவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிய வரும்போது இடையில் வெறுங்காகிதமோ பழைய துணியோ வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு எழுத்து வெளிறும். துண்டுகளைப் பென்சிலால் எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். பேனை மை கரைந்து பரவிய காகிதத்திலும் பென்சிலால் எழுதிய திகதி அப்படியே நிற்கும்.